கணினிச் சரக்கும் பொதி கட்டுவோரும்



மலாக்காத் தோட்டங்களில் பால் மரம் வெட்டிய பெரியவர்களுக்கு ஒரு செய்தி நினைவிருக்கும். ஒரு காலத்தில் ரப்பரின் தரத்தைக் கண்ணால்தான் பார்த்தார்கள். புகை போட்டு உலர்த்திய ஷீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார்கள். குமிழி இருக்கிறதா, பூஞ்சை பிடித்திருக்கிறதா, பட்டைத் தூள் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பார்க்கிறவர் மாறினால் தரமும் மாறும். விலையும் மாறும். 1965ஆம் ஆண்டில் இந்த நிலை மாறத் தொடங்கியது. எஸ்.எம்.ஆர். என்னும் தரப்படுத்தப்பட்ட மலேசிய ரப்பர் அப்போதுதான் வந்தது. ரப்பரில் எவ்வளவு அழுக்கு இருக்கிறது என்பதை ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள். 33.3 கிலோ கட்டிகளாக அழுத்தினார்கள். பாலிதீன் தாளில் சுற்றி, இன்ன தரம் என்று மேலே முத்திரை குத்தினார்கள். முப்பது கட்டி சேர்ந்தால் ஒரு டன். வாங்குகிறவர் கட்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. மேலே எழுதியிருப்பதை நம்பி டயர் செய்யலாம்.

மலாயாவில் வாணிக நோக்கோடு முதன்முதலில் ரப்பர் நடப்பட்ட இடம் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங். 1896ஆம் ஆண்டில் டான் சே யான் என்பவர் அங்கே நட்டார். ஆகவே பொதி கட்டுவதைப் பற்றிய ஒரு பேச்சை இங்கிருந்து தொடங்குவது பொருத்தமே. ஆனால் இன்று நாம் பேசப்போவது ரப்பர்ப் பொதியைப் பற்றி அன்று. கணினிக்குள் போகும் நிரல்களுக்கும் இதே போலப் பொதி கட்டுகிறார்கள். அதைச் செய்கிறவர்கள் யார், எப்படிச் செய்கிறார்கள், அவர்கள் தவறினால் நமக்கு என்ன வரும் என்பதையே பார்க்கப் போகிறோம்.

"எங்கள் வீட்டில் கணினியே கிடையாது, ஐயா" என்று சில நேயர்கள் சொல்லலாம். மெய்தான். 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி, பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்க வேண்டி வந்தபோது, ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பார்த்த வீடுகள் பல. அதற்குப் பிறகு எப்படியாவது ஒரு பழைய மடிக்கணினியை வாங்கிவிட வேண்டும் என்று பல பெற்றோர் முயன்றார்கள். வாங்கிய சில ஆண்டுகளிலேயே வேறொரு தலைவலி வந்தது. விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்துக்கு, அதைச் செய்த நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு வழக்கமான ஆதரவை நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-ஐப் பழைய கணினிகள் பலவற்றில் முறைப்படி போட முடியாது. கணினி நன்றாக ஓடுகிறது. ஆனால் உள்ளே இருக்கும் மென்பொருளுக்கு வயதாகிவிட்டது.

இப்படிப்பட்ட கணினிகளுக்கு லினக்ஸ் ஒரு நல்ல வழி. 1991ஆம் ஆண்டு பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் தொடங்கியது அது. அதன் மூல நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கிறது. யாரும் படிக்கலாம், திருத்தலாம், படியெடுத்துக் கொடுக்கலாம். ஒரு வெள்ளி கூடக் கொடுக்க வேண்டியதில்லை. நம் அரசாங்கமே 2004ஆம் ஆண்டில் பொதுத்துறைக்கென்று திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டம் ஒன்றை அறிவித்தது. சென்னையில் சி-டாக் நிறுவனம் 2007ஆம் ஆண்டில் "பாஸ்" என்ற இயங்குதளத்தை வெளியிட்டது. அதன் அடிப்படை டெபியன். இன்றைய பேச்சில் அடிக்கடி வரப்போகும் பெயரும் டெபியன்தான்.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்.

ஜாசின் வட்டாரத்தில் ஒரு தோட்டம். முன்பு ரப்பர், இப்போது செம்பனை. அங்கே உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஐந்தாம் படிவத்தில் படிக்கும் ஒரு பெண்பிள்ளையின் பழைய மடிக்கணினியில் டெபியனைப் போட்டுக் கொடுத்தோம். நிறுவும்போதே தமிழைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதைக் கண்டு வீட்டார் மகிழ்ந்தார்கள். பிள்ளைக்கோ வேறோர் ஆசை. பள்ளித் தமிழ்மொழிக் கழகத்தில் சொல் விளையாட்டு நடத்த வேண்டும்; மூன்றெழுத்துச் சொற்களையும் நான்கெழுத்துச் சொற்களையும் கணினியே பிரித்துக் கொடுக்க வேண்டும். "மாமா, அதை மட்டும் செஞ்சு கொடுங்க" என்றாள். பைத்தான் என்னும் நிரல் மொழியில் அதற்கென்று ஆயத்தமாக ஒரு நூலகம் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். அவசரமாக அதை இறக்கினோம். அதோடு பயன்படும் என்று வேறு சிலவற்றையும் இறக்கினோம். கணினி தடுத்தது. "இந்த இடம் இயங்குதளத்தின் பொறுப்பில் உள்ளது, இங்கே கை வைக்காதே" என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை வந்தது. அதைத் தாண்டிப் போக ஒரு கட்டளைச் சொல் உண்டு. அதன் பெயரே "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்", அஃதாவது "அமைப்பின் பொதிகளை உடை" என்பது. பெயரைப் படித்த பிறகும் அதைத் தட்டினோம். மறுநாள் காலையில் கணினியோடு வந்த கருவி ஒன்று திறக்கவில்லை. இரவு நாங்கள் திரும்பிவிட்டோம். பிள்ளை தொலைபேசியில் அழைத்து, "மாமா, என்னமோ ஆயிடுச்சு" என்றாள்.

என்ன ஆயிற்று என்பதை விளங்கிக்கொள்ள, நூலகம் என்றால் என்ன என்று தெரிய வேண்டும்.

வீட்டில் குழம்பு வைக்கிறோம். மிளகாயைப் பயிரிடுவதிலிருந்து நாமே தொடங்குவதில்லை. அரைத்த மசாலாவைக் கடையில் வாங்குகிறோம். நிரல் எழுதுகிறவரும் அப்படித்தான். தேதியைக் கணக்கிடுவது, படத்தைத் திறப்பது, இணையத்திலிருந்து ஒரு பக்கத்தைக் கொண்டு வருவது போன்ற வேலைகளை முன்பே யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். அவற்றை எடுத்துத் தம் நிரலில் சேர்த்துக்கொள்கிறார். இப்படி எடுத்துப் பயன்படுத்தத் தக்க நிரல் தொகுப்பைத்தான் நூலகம் என்கிறோம். ஒரு நிரல் இன்ன நூலகம் இல்லாமல் ஓடாது என்றால், அந்த நூலகத்தை அதன் சார்பு என்கிறோம். நூலகத்துக்கும் சார்பு உண்டு. மசாலாத் தூளுக்கு மல்லியும் மஞ்சளும் வேண்டும் அல்லவா?

பைத்தானில் "ரிக்வெஸ்ட்ஸ்" என்றொரு நூலகம் உண்டு. இணையப் பக்கங்களைக் கொண்டு வருவது அதன் வேலை. அது தனியாக நிற்பதில்லை. இணைப்பை ஏற்படுத்த ஒன்று, முகவரிப் பெயர்களைச் சரிபார்க்க ஒன்று, எழுத்துக் குறியீட்டைக் கண்டுபிடிக்க ஒன்று, எதிர்ப்பக்கம் இருப்பவர் உண்மையானவர்தானா என்று சான்றிதழ் பார்க்க ஒன்று என்று நான்கு நூலகங்கள் அதன் பின்னால் நிற்கின்றன. நாம் கேட்டது ஒன்று; வந்தது ஐந்து. இது சிறிய குடும்பம். பெரிய நிரல்களுக்கு நூற்றுக்கணக்கில் சார்புகள் உண்டு.

நம் தமிழ் எழுத்து திரையில் தெரிவதற்கே எத்தனை பேர் வேண்டும் என்று பாருங்கள். "கொ" என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். கணினியின் நினைவில் அது க என்றும், ஒகரக் குறி என்றும் இரண்டு எண்களாக இருக்கும். திரையிலோ முன்னால் ஒரு கொம்பு, நடுவில் க, பின்னால் ஒரு கால் என மூன்று வடிவங்கள் வரைய வேண்டும். பின்னால் வந்த குறியைப் பிரித்து, பாதியை முன்னால் கொண்டு போய் வைப்பது யார்? ஹார்ஃப்பஸ் என்னும் நூலகம் அந்த வேலையைச் செய்கிறது. பெயர் பாரசீகச் சொற்களிலிருந்து வந்தது. லோகித் தமிழ் போன்ற ஒரு எழுத்துரு அந்த வடிவங்களைத் தருகிறது. ஃபிரீடைப் என்ற இன்னொரு நூலகம் வடிவங்களைப் புள்ளிகளாக மாற்றுகிறது. இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் நம் எழுத்து கட்டம் கட்டமாகவோ, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகவோ சிதறிப் போகும். பழைய கைப்பேசிகளில் தமிழ்ச் செய்தி வந்தால் வெறும் கட்டங்களாகத் தெரிந்ததைப் பலர் பார்த்திருப்பார்கள்.

இந்த நூலகங்களை எழுதியவர்கள் ஒரே ஊரில் இல்லை. ஒரே நிறுவனத்திலும் இல்லை. ஒருவர் ஐரோப்பாவில், ஒருவர் அமெரிக்காவில், ஒருவர் இந்தியாவில். ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியபடி, தமக்கு வசதியான நேரத்தில் புதுப் பதிப்பு வெளியிடுகிறார்கள். சிறு தோட்டக்காரர்கள் பலர் ஆளுக்கொரு வாளியில் பால் கொண்டு வருவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பாலில் தண்ணீர் கூட. இன்னொருவர் பாலில் இலை தழை விழுந்திருக்கும். எல்லாவற்றையும் வடிகட்டி, சோதித்து, ஒரே மாதிரியாகக் கட்டி, முத்திரை குத்த ஓர் ஆலை வேண்டும். அந்த ஆலைதான் டெபியன் போன்ற அமைப்பு.

1993 ஆகஸ்ட் 16ஆம் நாள் அமெரிக்காவில் இயன் மர்டாக் என்ற மாணவர் டெபியனை அறிவித்தார். தம் தோழி டெப்ரா பெயரின் முற்பகுதியையும் தம் பெயரையும் சேர்த்து டெபியன் என்று பெயரிட்டார். இதற்கு முதலாளி கிடையாது. ஏறக்குறைய ஆயிரம் அதிகாரபூர்வத் தொண்டர்களும், அவர்களுக்குத் துணையாக இன்னும் பலரும் உலகமெங்கும் இருந்து வேலை செய்கிறார்கள். 2025 ஆகஸ்டில் வெளிவந்த 13ஆம் பதிப்பில் ஏறக்குறைய 70,000 பொதிகள் இருக்கின்றன. பதிப்புகளுக்கு "டாய் ஸ்டோரி" என்ற பொம்மைப் படத்தின் பாத்திரப் பெயர்களை வைக்கிறார்கள். 13ஆம் பதிப்பு "டிரிக்ஸி". இவ்வளவு கண்டிப்பான ஆட்களுக்கு இப்படியும் ஒரு விளையாட்டுப் புத்தி.

ஒரு நூலகத்தைப் பொதி கட்டுகிறவர் என்ன செய்கிறார்? எழுதியவரின் மூல நிரலை எடுத்துக்கொள்கிறார். அதோடு "டெபியன்" என்ற பெயரில் ஓர் அடைவைச் சேர்க்கிறார். அதில் சில தாள்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு தாளில் பொதியின் பெயர், பொறுப்பாளர் யார், என்னென்ன சார்பு வேண்டும், அவற்றில் எந்தப் பதிப்புக்குக் குறையாமல் வேண்டும் என்பது இருக்கும். இன்னொன்றில் அதை எப்படிக் கட்டுவது என்ற செய்முறை. மற்றொன்றில் என்றைக்கு என்ன மாற்றினோம் என்ற நாட்குறிப்பு. இன்னொரு தாளில் உரிமம். இதை எழுதியவர் யார், எந்த நிபந்தனையில் பிறருக்குக் கொடுக்கிறார் என்பது. உரிமத் தாள் பலருக்குச் சலிப்பான வேலை. ஆனால் டெபியனுக்குள் முதன்முதலாக நுழையும் பொதி வரிசையில் காத்திருக்க வேண்டும்; அங்கே உரிமத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். சில பொதிகள் அங்கேயே மாதக்கணக்கில் நிற்பதும் உண்டு.

பெயர் வைப்பதிலும் ஒழுங்கு உண்டு. பைத்தான் நூலகம் என்றால் பெயரின் முன்னே "பைத்தான்3" என்று வரும். ரூபி மொழி நூலகம் என்றால் "ரூபி" என்றும், ஜாவாஸ்கிரிப்ட் என்றால் "நோட்" என்றும் வரும். பெர்ல் மொழி நூலகத்துக்கு மட்டும் முன்னே "லிப்", பின்னே "பெர்ல்". பழைய வழக்கம், மாற்றவில்லை.

பிறகு சோதனை. தம் கணினியில் ஓடுகிறது என்பது போதாது. ஒன்றுமே இல்லாத தூய அறை போன்ற ஓர் இடத்தைக் கணினிக்குள் உண்டாக்கி, தாளில் எழுதிய சார்புகளை மட்டும் உள்ளே விட்டுக் கட்டிப் பார்ப்பார்கள். எழுத மறந்த சார்பு ஏதேனும் இருந்தால் அங்கே அகப்பட்டுக்கொள்ளும். கட்டியதும் பொறுப்பாளர் தம் மறைக்குறியீட்டுக் கையொப்பத்தைப் போட்டு அனுப்புவார். அது முதலில் "நிலையற்றது" என்ற பிரிவில் போய் உட்காரும். சில நாள்கள் பெரிய குறை எதுவும் வராவிட்டால் "சோதனை" என்ற பிரிவுக்குப் போகும். ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பிரிவை அப்படியே நிறுத்தி, குறைகளைத் தீர்த்து, "நிலையானது" என்று வெளியிடுவார்கள். நம் வீட்டுக் கணினிக்கு வருவது இதுதான்.

இங்கேதான் ஒரு பெரிய வழக்கு இருக்கிறது. நிரல் எழுதுகிறவர்களுக்குப் பொறுமை குறைவு. பைத்தானுக்கு "பிப்", ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு "என்.பி.எம்." என்று அந்தந்த மொழிக்காரர்களே நேரடி வழி வைத்திருக்கிறார்கள். எழுதியவர் இன்று காலை வெளியிட்டதை இன்று மதியமே இறக்கிக்கொள்ளலாம். டெபியனோ இரண்டு ஆண்டுக்கு முந்திய பதிப்பைக் கொடுக்கும். "இது பழஞ்சரக்கு" என்கிறார்கள் இவர்கள். "அது சோதிக்காத சரக்கு" என்கிறார்கள் அவர்கள்.

இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் ஒரு கருத்தில் எங்கள் மனம் டெபியன் பக்கம் சாய்கிறது. நேரடி வழியில் ஒவ்வொரு நிரலும் தனக்கென்று ஒரு பிரதி வைத்துக்கொள்ளும். ஒரே நூலகத்தின் பத்துப் பிரதிகள் ஒரே கணினியில் இருக்கும். அந்த நூலகத்தில் ஓட்டை கண்டுபிடித்தால் பத்தையும் தேடித் தேடி அடைக்க வேண்டும். டெபியனில் கூடியவரையில் ஒரே ஒரு பிரதி; அதை அடைத்தால் எல்லாருக்கும் அடைத்ததாகும். முன்பு சொன்ன சான்றிதழ் நூலகத்தையே பாருங்கள். மூலத்தில் அது தனக்கென்று ஒரு சான்றிதழ்ப் பட்டியலைச் சுமந்து வருகிறது. டெபியனில் பொதி கட்டியவர்கள் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டு, கணினி முழுவதற்கும் பொதுவான பட்டியலைப் பார்க்கும்படி மாற்றியிருக்கிறார்கள்.

நேரடி வழியில் என்ன நடக்கும் என்பதற்கு 2016 மார்ச்சில் ஒரு வேடிக்கை நடந்தது. ஜாவாஸ்கிரிப்ட்டில் "லெஃப்ட்-பேட்" என்று ஒரு நூலகம். மொத்தம் 11 வரி. ஒரு சொல்லின் இடப்பக்கத்தில் இடைவெளி சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. எழுதியவருக்கு வேறொரு நூலகத்தின் பெயர் குறித்து ஒரு நிறுவனத்தோடு தகராறு. கோபத்தில் தம்முடைய நூலகங்களை எல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டார். சற்று நேரத்தில் உலகமெங்கும் பெரிய நிறுவனங்களின் நிரல்கள் கட்ட முடியாமல் நின்றன. அவர்களில் பெரும்பாலோர் அந்தப் பெயரையே அதற்கு முன் கேட்டதில்லை. சார்பின் சார்பின் சார்பாக அது உள்ளே இருந்தது. சில மணி நேரத்தில் நூலகத்தைத் திரும்ப வைத்துவிட்டார்கள்.

பொதி கட்டுவோர் தவறே செய்வதில்லை என்று நேயர்கள் நினைத்துவிட வேண்டாம். 2006ஆம் ஆண்டில் டெபியனில் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற பூட்டுச் சாவி நூலகத்தைப் பொதி கட்டும்போது, சோதனைக் கருவி ஒன்று ஓர் எச்சரிக்கையைக் காட்டியது. அந்த எச்சரிக்கையை நிறுத்துவதற்காகச் சில வரிகளை நீக்கினார்கள். அந்த வரிகள்தாம் சாவி செய்வதற்கு வேண்டிய தற்செயல் எண்களைக் கலக்கும் வரிகள். அன்றிலிருந்து அந்தக் கணினிகளில் செய்த ஒவ்வொரு வகைச் சாவியிலும் 32,768 சாவிகளுக்கு மேல் வேறுபாடு இல்லாமல் போயிற்று. திருடன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் திறந்துவிடும். ஏறக்குறைய இருபது மாதம் யாரும் கவனிக்கவில்லை. 2008 மே 13ஆம் நாள் டெபியனே இதை உலகுக்கு அறிவித்தது. செய்த சாவிகளை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டு மீண்டும் செய்ய வேண்டியதாயிற்று. நல்ல எண்ணத்தில் செய்த சிறு திருத்தம் அது.

கெட்ட எண்ணத்தில் செய்ததும் உண்டு. அது 2024இல் நடந்தது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

"எக்ஸ்.இசட்." என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு நூலகம். பின்லாந்தைச் சேர்ந்த லாசே காலின் என்பவர் பல ஆண்டுகளாகச் சம்பளம் இல்லாமல் தனியாகவே அதைப் பார்த்து வந்தார். அவர் களைத்திருந்தார். உடல் மனச் சோர்வைப் பற்றி வெளிப்படையாகவே எழுதியிருந்தார். 2021இன் பிற்பகுதியில் "ஜியா டான்" என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்தார். அந்தப் பெயருக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்பது வெளிப்படவில்லை. நல்ல நல்ல திருத்தங்களாக அனுப்பினார். வேறு சில பெயர்களில் வந்தவர்கள், "வேலை மெதுவாக நடக்கிறது, இன்னொருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள்" என்று காலினை நெருக்கினார்கள். படிப்படியாகப் புது ஆளின் கைக்குச் சாவி போயிற்று. ஸ்டோரில் இரண்டு ஆண்டுக்கு மேல் நாணயமாக வேலை செய்த ஆளிடம் கிராணி ஸ்டோர்ச் சாவியைக் கொடுப்பது இயற்கைதானே?

2024 தொடக்கத்தில் 5.6.0, 5.6.1 என்ற இரண்டு பதிப்புகள் வெளிவந்தன. சோதனைக்கென்று வைத்த கோப்புகளுக்குள் ஒரு கள்ள நிரலை மறைத்திருந்தார்கள். பொதுவில் எல்லாரும் பார்க்கும் மூலத்தில் இல்லாத ஒரு பகுதியை, வெளியீட்டுக் கட்டில் மட்டும் சேர்த்து அதை எழுப்பினார்கள். குறி வைத்தது எக்ஸ்.இசட்.-ஐ அன்று. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவதற்கான எஸ்.எஸ்.எச். என்ற வாசலையே குறி வைத்தார்கள். அந்த வாசலுக்கும் எக்ஸ்.இசட்.-க்கும் மூலத்தில் எந்தத் தொடர்பும் கிடையாது. டெபியன் முதலிய சில அமைப்புகள் பொதி கட்டும்போது ஒரு வசதிக்காக வேறொரு நூலகத்தை அந்த வாசலோடு இணைத்திருந்தன. அந்த நூலகத்தின் சார்பு எக்ஸ்.இசட். இப்படிச் சார்பு வழியாகக் கொல்லைப்புறத்திலிருந்து வீட்டுக்குள் வந்துவிட்டார்கள்.

கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர். அவர் அதைத் தேடிப் போகவில்லை. டெபியனின் நிலையற்ற பிரிவை ஓட்டிக்கொண்டு வேறு ஏதோ அளந்துகொண்டிருந்தார். எஸ்.எஸ்.எச். வழியாக நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆவதைக் கவனித்தார். அரை விநாடிதானே என்று விடவில்லை. 2024 மார்ச் 29ஆம் நாள் அவர் வெளியிட்ட செய்தி உலகத்தை உலுக்கிற்று. நிலையான பிரிவுக்கு அந்தப் பதிப்பு இன்னும் வந்து சேரவில்லை. பழஞ்சரக்கு என்று கேலி செய்யப்பட்ட அந்தத் தாமதமே அன்று கோடிக்கணக்கான பயனர்களைக் காப்பாற்றியது.

அதன் பிறகு "மீளுருவாக்கம்" என்ற பழைய முயற்சிக்கு மேலும் வலு வந்தது. 2013ஆம் ஆண்டிலிருந்தே டெபியனில் இது நடந்து வருகிறது. ஒரே மூலத்தை இரண்டு பேர் இரண்டு இடத்தில் கட்டினால், வரும் பொதி ஓர் எழுத்துக்கூட மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. மாறினால் யாரோ இடையில் கை வைத்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். கேட்பதற்கு எளிது. கட்டிய நாளும் நேரமும் பொதிக்குள் பதிந்துவிட்டாலே இரண்டும் மாறிப்போகும். அப்படிப்பட்ட சிறு சிறு வேறுபாடுகளைத்தான் ஆண்டுக்கணக்கில் களைந்துகொண்டிருக்கிறார்கள்.

இந்த வேலையை எல்லாம் செய்வது வெள்ளைக்காரர்கள் மட்டும்தானா என்று யாரேனும் கேட்கலாம். கேரளத்தைச் சேர்ந்த பிரவீன் என்ற டெபியன் தொண்டர் "கிட்லாப்" என்னும் பெரிய மென்பொருளை டெபியனுக்குள் கொண்டு வர முயன்றார். அது ரூபி மொழியில் எழுதியது. அதன் சார்புகள் நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றையும் தனித்தனிப் பொதியாகக் கட்ட வேண்டும். கல்லூரி மாணவர்களுக்குப் பட்டறைகள் நடத்தி, அவர்களுக்குச் சிறு சிறு நூலகங்களைக் கொடுத்துப் பழக்கினார். முதல் பொதி சிறு நூலகம் ஒன்றாக இருந்தாலும், பொறுப்பாளர் என்று தம் பெயரை அச்சில் பார்ப்பது அந்த மாணவர்களுக்குப் பெரிய செய்தி. டெபியனின் உலக மாநாடு 2023 செப்டம்பரில் கொச்சியில் கூடியது. அதே ஆண்டு ஜனவரியில் தமிழ்நாட்டில் சிறு டெபியன் மாநாடு நடந்தது. சென்னையில் அன்று, விழுப்புரத்தில். கரும்பும் நெல்லும் விளையும் மாவட்டம் அது. அங்குள்ள லினக்ஸ் பயனர் குழு, சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கணினி கற்றுக் கொடுத்து வருகிறது. நம் மாநிலத்தில் ஆயர் குரோவிலும் டுரியான் துங்கலிலும் கணினித் துறை உள்ள பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஆனால் பொதி கட்டப் பழகுவதற்குப் பல்கலைக்கழகம் வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதை விழுப்புரத்துப் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லத் தோன்றுகிறது.

தமிழுக்கென்று எழுதிய நூலகங்களும் உண்டு. அமெரிக்காவில் வாழும் முத்து அண்ணாமலை "எழில்" என்று ஒரு தமிழ் நிரல் மொழியைச் செய்தார். தமிழ் எழுத்துகளைக் கையாளும் வேலைக்கு அது "ஓப்பன்-தமிழ்" என்ற பைத்தான் நூலகத்தைச் சார்ந்திருக்கிறது. ஜாசின் பிள்ளைக்கு நாங்கள் இறக்கிக் கொடுக்க நினைத்ததும் அந்த ஓப்பன்-தமிழ்தான். அதன் தேவையை அவளே முதலில் கண்டாள். "தமிழ்" என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று வெறும் பைத்தானைக் கேட்டால் ஐந்து என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று அது எண்ணுகிறது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகூட மூன்று என்று சொல்லிவிடும்.

இனி அந்தக் கணினிக்கு வருவோம். அடுத்த சனிக்கிழமை ஜாசினுக்குப் போனோம். குறை எளிதாகவே தெரிந்தது. கணினியோடு வந்த கருவியும் பைத்தானில் எழுதியது. அது ஒரு நூலகத்தின் பழைய பதிப்பை நம்பிக் கட்டப்பட்டது. நாங்கள் இறக்கியவற்றில் அதே நூலகத்தின் புதுப் பதிப்பும் சேர்ந்து வந்திருந்தது. பழைய பிரதி அதன் இடத்தில் பத்திரமாகத்தான் இருந்தது. புதியது முன்னால் போய் நின்று அதை மறைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் இறக்கியவற்றை நீக்கியதும் கருவி பழையபடி திறந்தது.

பிறகு முறைப்படி செய்தோம். டெபியனில் உள்ள நூலகம் என்றால் "ஆப்ட் இன்ஸ்டால்" என்று கொடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். சார்புகளை அதுவே கொண்டு வரும். வெளியிலிருந்து நேரடியாக இறக்க வேண்டியது என்றால், "வென்வ்" என்ற கட்டளையால் அந்த வேலைக்கென்று ஒரு தனி அடைவை உண்டாக்கி, அதற்குள்ளேயே பிப்பை ஓட்ட வேண்டும். அங்கே என்ன உடைந்தாலும் அந்த அடைவோடு போகும், கணினியைத் தொடாது. வேண்டாம் என்றால் அடைவை அழித்துவிட்டால் போதும். "ஆப்ட் ஷோ" என்ற கட்டளையையும் அவளுக்குக் காட்டினோம். பொதியின் பெயரைக் கொடுத்தால் அதன் சார்புகளும் பொறுப்பாளர் பெயரும் திரையில் வரும். லோகித் தமிழ் எழுத்துருவின் பெயரைக் கொடுத்துப் பார்த்தாள். பொறுப்பாளர் வரியில் இருந்ததை இரண்டு முறை படித்தாள்.

"இவங்களுக்கு எழுதினா பதில் போடுவாங்களா, மாமா?"

போடுவார்கள் என்றோம். குறை சொல்ல வேண்டுமானால் எந்தப் பொதி, எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது என்ன நடந்தது என்பதை வரிசையாக எழுத வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தோம். "ரிப்போர்ட்பக்" என்று அதற்கே ஒரு கருவி இருக்கிறது. அதுவும் ஒரு பொதிதான். மாலையில் அவள் தனி அடைவுக்குள் ஓப்பன்-தமிழை இறக்கி, பாட்டி சொல்லச் சொல்லச் சொற்களைத் தட்டினாள். மங்கு, கத்தி, வாளி, காண்டா, ஒட்டுப்பால். கணினி முதல் நான்கையும் மூன்று, மூன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியது. ஒட்டுப்பாலுக்கு ஆறு என்றது. பாட்டி விரல் விட்டு எண்ணிப் பார்த்து, சரிதான் என்றார்.